காலாண்டு விடுமுறையில் தஞ்சாவூர்: ஆறு முதலில், கோயில் பிறகு

உழவன் எக்ஸ்பிரஸ் பாபநாசம் தாண்டியபோதுதான் வெளிச்சம் வந்தது. எழும்பூரில் ஏறும்போதே ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்ட யு.கே.ஜி. மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வயல் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. அடுத்த வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கட்டி, நேற்றோ முந்தாநாளோ நட்ட நாற்று.

"அம்மா, ஒண்ணு மஞ்சளா இருக்கு, ஒண்ணு பச்சையா இருக்கு. இதுல யாரு லேட்டு?"

யாரும் லேட் இல்லை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால், தண்ணீர் கல்லணைக்கு வந்து பிரிந்து டெல்டாவுக்குள் பாயும். அதை நம்பி நடுகிற குறுவை செப்டம்பர், அக்டோபரில் அறுப்புக்கு வந்துவிடும். அதே நாள்களில்தான் சம்பா நடவும் நடக்கும். குறுவை அறுத்த வயலை உழுது மறுபடி நடுவது தாளடி. சம்பாவும் தாளடியும் தை, மாசியில் வீடு வந்து சேரும். ஆக, காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் விடுகிற வாரத்தில் இங்கே வருகிறவர்கள் அறுப்பையும் நடவையும் ஒரே சாலையில் பார்க்கலாம். நாங்கள் இந்த வாரத்தைப் பிடித்ததற்குக் காரணமே அதுதான்.

தஞ்சாவூர் என்றதும் எல்லோரும் நேராகப் பெரிய கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் அதை மாலைக்குத் தள்ளினோம். 216 அடி விமானத்துக்கு முன்னால் மூன்றரை அடிப் பிள்ளையை நிறுத்தி, "பாரு, எவ்வளவு பெரிசு!" என்றால் ஒரு நிமிஷம் பார்க்கும், அப்புறம் தண்ணீர் பாட்டில் கேட்கும். இந்தக் கோயில் இந்த ஊரில் ஏன் எழுந்தது என்பதற்கான பதில் கோயிலுக்கு வெளியே, வயலிலும் வாய்க்காலிலும் இருக்கிறது. அதை முதலில் காட்டிவிட்டால் கல்லைக் காட்டுவது சுலபம் என்பது எங்கள் கணக்கு. காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம், நடுவில் தூக்கம். அதற்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம்.

பாலங்களை எண்ணுவது

ஸ்டேஷன் பக்கத்திலேயே அறை. குளித்துவிட்டு இட்லி சாப்பிடப் போனால் தொட்டுக்கொள்ளக் கடப்பா இருந்தது. உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் வெந்து குழைந்து, தேங்காய், சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து விட்ட குழம்பு. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம்தான் இதை ஒழுங்காகச் செய்வார்கள். காரம் அதிகமில்லாததால் மகள் சட்னியை ஒதுக்கிவிட்டு இதையே இரண்டாம் முறை கேட்டாள்.

திருவையாறு வடக்கே 13 கிலோமீட்டர். வழியில் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும் என்பதால் போகும்போது ஆட்டோ பேசிக்கொண்டோம். போகிற வழியில் ஐந்து ஆறு வரும், எண்ணிக்கொண்டே வா என்று மகளிடம் சொல்லியிருந்தேன். காந்திஜி சாலையில் இர்வின் பாலம் ஏறியதுமே ஒரு விரலை மடக்கிவிட்டாள்.

"அது கணக்குல வராது பாப்பா" என்றார் ஆட்டோக்காரர். "அது புது ஆறு. ஆளுங்க வெட்டுனது. நிஜ ஆறு இனிமேதான் வரும்."

அவர் சொன்னது சரி. கல்லணைக் கால்வாய் என்று அரசுக் கணக்கில் இருப்பதை ஊர் புது ஆறு என்றுதான் சொல்கிறது. மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிட்டு, 1934 வாக்கில் தண்ணீர் விட்ட கால்வாய். தொண்ணூறு வருஷமாகியும் அது இன்னும் புதுசு. கூட ஓடுகிற மற்றவற்றின் வயதைப் பார்த்தால் நியாயம்தான். பெரிய கோயிலை ஒட்டியே ஓடுகிறது. பழைய ஆறுகள் எட்டாத மேட்டு நிலங்களுக்கு, பட்டுக்கோட்டை வரைக்கும், இதுதான் தண்ணீர் கொண்டுபோகிறது.

மடக்கிய விரலை மனசில்லாமல் நிமிர்த்திக்கொண்டாள். கரந்தையில் வடவாறு. பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு. அதைத் தாண்டினால் வெட்டாறு. கண்டியூர் அருகே குடமுருட்டி. கடைசியில் திருவையாற்று வாசலில் காவிரி. அரைமணி நேரப் பாதையில் ஐந்து பாலம். ஒவ்வொன்றிலும் ஆட்டோவின் சத்தம் மாறும். காற்று ஒரு நொடி குளிரும். மகள் எட்டிப் பார்த்து, "இதுல தண்ணி இருக்கு", "இதுல நிறைய இருக்கு" என்று மார்க் போடுவாள். டெல்டா என்பது என்ன என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியிருந்தால் இவ்வளவு புரிந்திருக்காது. ஒரு ஆறு கை விரித்ததுபோல் பிரிந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பாலம்.

சாலையில் நெல், வயலில் வாத்து

வெண்ணாற்றுக்கு அப்புறம் சாலையின் பாதி நெல்லுக்குச் சொந்தமாகிவிடுகிறது. குறுவை நெல்லைத் தார்ச் சாலையில் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். லாரியும் பஸ்ஸும் மற்றப் பாதியில் ஒதுங்கி ஒதுங்கிப் போகின்றன. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் மூட்டை எடுப்பார்கள். மழை கண்ணைக் காட்டுகிற புரட்டாசியில் அந்தக் கணக்கை எட்டுவது லேசில்லை. அதனால்தான் மத்திய அரசிடம் 20, 22 சதவீதம் வரை தளர்த்தித் தாருங்கள் என்று ஏறக்குறைய வருஷா வருஷம் டெல்டாவிலிருந்து குரல் எழுகிறது. வெயில் வருகிற இரண்டு மணி நேரத்தை யாரும் வீணாக்குவதில்லை.

ஒரு பாட்டி நெல்லின் நடுவே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தார். கால் போன இடத்தில் கோடு விழும். அடி நெல் மேலே வரும். அந்தக் கோடுகள் பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்து, சாலை நெடுக நோட்டுப் புத்தகம் மாதிரி இருந்தது. மகள் வண்டியிலிருந்து இறங்கி ஓரத்தில் நின்றாள். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள்.

"வா ராசாத்தி, நீயும் ஒரு வரி ஓட்டு. காலைத் தூக்காத, தேச்சுக்கிட்டே வரணும்" என்றார் பாட்டி.

மகளுடைய வரி கோணிக்கொண்டு போனது. பாட்டி அதன் மேலேயே தன் காலால் நேர் வரி ஒன்றை இழுத்துவிட்டு, "நல்லா காயட்டும், இன்னும் ஒண்ணு போடு" என்றார். பிள்ளை ஐந்தாறு முறை போய் வந்தாள். நெல்லின் சொணை காலில் அரிக்கத் தொடங்கியதும்தான் நின்றாள். ஊருக்குத் திரும்பின பிறகும் அவள் தோழிகளிடம் சொன்னதில் இதுதான் முதலிடம்.

கொஞ்ச தூரத்தில் குறுவை அறுத்த வயல் ஒன்றில் நூற்றுக்கணக்கான வாத்துகள். அறுப்பு முடிந்ததும் உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் மேயவிட வாத்துக்காரர்கள் ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு வருவார்கள். வயலில் கூடாரம், சுற்றி வலை. ஒருவர் நீளக் குச்சியை ஆட்டினால் மொத்தக் கூட்டமும் ஒரே பக்கமாகச் சாயும். வயல்காரருக்கு எரு, வாத்துக்காரருக்குத் தீனிச் செலவு மிச்சம். மிருகக்காட்சி சாலைக்குச் சீட்டு வாங்கிக் காட்டியிருந்தால்கூட இவ்வளவு நேரம் அசையாமல் நின்றிருக்க மாட்டாள்.

நடவைப் பார்த்தது கண்டியூருக்கு முன்னால். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்றுமுடியை இடது கையில் பிடித்து, வலது கையால் இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்துச் சேற்றில் ஊன்றிப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்கள். மகளுக்கு இதில் பிடிபடாதது ஒன்றுதான்: ஏன் எல்லோரும் பின்பக்கமாக நடக்கிறார்கள்? வரப்பில் நின்ற விவசாயிதான் பதில் சொன்னார்: "முன்னால நடந்தா நட்டதையே மிதிச்சிடுவோம்ல பாப்பா." நட்டது ஆந்திரா பொன்னி என்றும், தை கடைசியில் அறுப்பு என்றும் சொன்னார். இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. அது இறங்க முடியாத சின்ன வயல்களிலும், ஆள் கிடைக்கிற ஊர்களிலும்தான் கை நடவு. பத்து வருஷம் கழித்து வந்தால் இதைப் பார்க்க முடியுமா என்றேன். "ஆளு இருந்தா பாக்கலாம்" என்றார்.

ஐயாற்றில் எதிரொலி

திருவையாற்றில் முதலில் படித்துறை. காவிரி நுரைத்துக்கொண்டு ஓடும் நாள்களில் பிள்ளையைக் கையை விட்டு ஒரு படியும் இறங்க விடக்கூடாது. மேல்படியிலேயே உட்கார்ந்து பாதம் நனைத்தோம். துணி துவைக்கிறவர்கள், தர்ப்பணம் கொடுக்கிறவர்கள், அக்கரையில் வாழைத்தோட்டம். காலைப் பொழுதில் இங்கே வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஐயாறப்பர் கோயில் பெரிய கோயில்தான். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு: கத்தலாம். பிரகாரத்தில் ஒரு இடத்தில் நின்று சத்தமாக "ஐயாறா" என்று கூப்பிட்டால் குரல் திரும்பித் திரும்பி வரும். ஏழு தடவை கேட்கும் என்பார்கள். மகள் எண்ணியபோது நான்கு. அவள் அப்பா காதுக்கு ஐந்து. உள்ளூர்ப் பையன் ஒருவன் வந்து, "இங்க நின்னா கேக்காது, இந்தக் கல்லு மேல நில்லுங்க" என்று சரியான இடத்தைக் காட்டிக் கொடுத்தான். கோயிலுக்குள் "ஷ்ஷ், சத்தம் போடாதே" என்று சொல்லாமலே ஒரு கால்மணி நேரம் போனது எங்களுக்கு இதுதான் முதல் தடவை.

தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையிலேயே. தை மாத ஆராதனையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து பாடும் இடம் அன்றைக்கு வெறிச்சோடிக் கிடந்தது. இந்தச் சமாதியை 1920களில் தன் சொத்தைப் போட்டுக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த காலத்தில் தனியாக அணி திரட்டிப் பாடிய பெண் அவர். சமாதியைப் பார்த்தபடி அவருடைய சிலையும் இருக்கிறது. மகளிடம், "இந்தப் பாட்டிதான் இந்த வீட்டைக் கட்டினாங்க" என்றேன். "யாருக்கு?" "பாட்டு எழுதின தாத்தாவுக்கு." அந்த வயதுக்கு அவ்வளவு போதும்.

கடைத்தெருவில் அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யில் கிளறிய அல்வா. சுடச்சுட இலையில் வைத்துத் தருவார்கள். திரும்புவதற்கு டவுன் பஸ். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் குடும்பத்தில் டிக்கெட் எடுத்தவர் ஒருவர்தான்.

பெரிய கோயில், நாலரை மணிக்கு மேல்

மதியத்தில் பெரிய கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். நடை நான்கு மணி வரை சாத்தியிருக்கும் என்பது ஒரு காரணம். கல் தளம் காலைப் பொசுக்கும் என்பது பெரிய காரணம். நாலரைக்கு மேல் போனால் தளத்தில் வெறுங்காலோடு ஓடலாம். விமானத்தின் கல் மெல்ல மெல்ல நிறம் மாறுவதையும் பார்க்கலாம்.

கேரளாந்தகன் திருவாயில், இராசராசன் திருவாயில் இரண்டையும் தாண்டி உள்ளே நுழைந்ததும் மகள் ஓடியது நந்தியை நோக்கி. 12 அடி உயரம், ஒரே கல். நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும், முதுகில் ஆணி அடித்து நிறுத்தியதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. இப்போதிருக்கும் நந்தியும் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. ஆணிக் கதைக்கு முன்னால் வரலாறு நிற்குமா! மண்டபத்தை இரண்டு முறை சுற்றி வந்து முதுகில் ஆணியைத் தேடினாள்.

விமானத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. நிழல் தரையில் விழாது என்பது. மாலையில் வந்தால் அதைப் பிள்ளையே சோதித்துப் பார்க்கலாம். வெயில் சாயச்சாய நிழல் முற்றத்தில் நீண்டுகொண்டே போனது. மகள் நிழலின் நுனியில் நின்று, "இங்க இருக்கே!" என்றாள். கோயிலின் பெருமைக்கு அந்தப் பொய் தேவையே இல்லை. பக்கத்தில் கருங்கல் மலை கிடையாது. அத்தனை கல்லும் தூரத்திலிருந்து வந்து, 13 நிலையாக உயர்ந்து, 1010இல் கலசம் ஏறிவிட்டது. 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

காலையில் சேர்த்து வைத்ததைச் செலவழிக்க வேண்டிய இடம் விமானத்தின் அடிப்பகுதி. சுற்றிவர வரி வரியாகக் கல்வெட்டு. கீழ் வரிகள் சரியாக ஐந்து வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில் வருகின்றன. பெரியவர்கள் மேலேயே பார்த்துக்கொண்டு போகிற இடத்தில் பிள்ளைகள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தமிழ் எழுத்துப் படித்துக்கொண்டிருக்கிற மகள் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வரியில் ஒரு 'ட'வைக் கண்டுபிடித்தாள். அப்புறம் ஒரு 'ப'. மற்றவை அடையாளம் தெரியவில்லை. இரண்டு எழுத்து கிடைத்ததே அவளுக்குப் பெரிய வேட்டை.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

கணக்கு எழுதியிருக்கிறது. தானும் தன் அக்காவும் தன் தேவியரும் மற்றவர்களும் கோயிலுக்குக் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னான் இராசராசன். எந்த ஊரிலிருந்து எத்தனை கலம் நெல் வர வேண்டும், அதை 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. கோயிலில் ஆடிப்பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதோடு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்குக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். தையற்காரர், குயவர், நாவிதர், வண்ணார், கணக்கர் எல்லோருக்கும் சம்பளம் நெல்தான்.

"காலையில பாட்டி காய வச்சாங்களே, அந்த மாதிரி நெல்லா?"

அதே நெல்தான். இந்தச் சுவர் ஒரு பெரிய சம்பளப் பட்டியல். இந்த விமானம் எத்தனையோ போக விளைச்சல் குவிந்து நிற்பது. பாட்டி காலால் வரி போட்ட சாலையும் இந்தக் கல்வரியும் ஒரே கணக்கின் இரண்டு முனை. இதை முதல் நாள் காலையிலேயே கோயிலுக்கு வந்திருந்தால் என்னால் சொல்லியிருக்கவும் முடியாது, அவளால் கேட்டிருக்கவும் முடியாது. அப்புறம் அவள், "ஒரு விளக்கு எரிக்க எத்தனை நெல்லு?" என்றாள். விளக்குக்கு நெல் இல்லை, ஆடு. ஒரு விளக்குக்கு நெய் தர 96 ஆடு என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. 96 ஆட்டைக் கற்பனை செய்துகொண்டே முற்றத்துப் புல்தரையில் உருண்டாள்.

அரண்மனையில் இல்லாத காளை

மறுநாள் காலை அரண்மனை. நாயக்கர்கள் கட்டி மராட்டியர்கள் விரித்த வளாகம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் பிள்ளைகளும் சோர்வார்கள், பெற்றோரும் சோர்வார்கள். மூன்று விஷயம் போதும்.

முதலாவது, திமிங்கல எலும்புக்கூடு. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. அரண்மனைக்குள் இது எதற்கு என்று கேட்க வேண்டாம், பிள்ளைகள் கேட்பதில்லை. விலா எலும்புகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது, கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகன தேவர். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. ஒரு காலைச் சாய்த்து, இடுப்பை லேசாக ஒடித்து, வலது கையை எதன் மேலோ தாங்கலாக வைத்து நிற்கிறார். கைக்குக் கீழே வெறும் காற்று. சாய்ந்து நின்ற காளை காணாமல் போய்விட்டது. "இந்த மாமா எது மேல கை வச்சிருக்காரு?" என்று மகளிடம் கேட்டேன். "சோஃபா" என்றாள். பிறகு, "நாய்க்குட்டி". முந்தின நாள் நந்தியை ஞாபகப்படுத்தியதும் சட்டென்று, "மாடு!" என்றாள். அப்புறம் தானும் பக்கத்தில் நின்று, இல்லாத மாட்டின் மேல் கை வைத்துப் பார்த்தாள். விரல்கள் தளர்ந்து தொங்க வேண்டும், தோள் இறுகக்கூடாது. அவளால் ஐந்து நொடிக்கு மேல் அப்படி நிற்க முடியவில்லை. செப்பில் அதை வடித்தவனின் திறமை எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது, சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம். உள்ளங்கைக்குள் அடங்கும் சுவடிகள், படம் வரைந்த பழைய நூல்கள். இரண்டாம் சரபோசி (1798 முதல் 1832 வரை அரசர்) சேர்த்த புத்தகங்கள் இதன் முதுகெலும்பு. சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்த அந்த ராஜா, அச்சுக்கூடம் வைத்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஈசாப் கதைகளை மராத்தியில் அச்சிட்டார். நாட்டின் பல பகுதிகளில் அச்சு எட்டிப் பார்க்காத காலத்தில் தஞ்சாவூரில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: சீனத் தண்டனை முறைகளைக் காட்டும் ஓவியங்களும் இங்கே உண்டு. அந்தப் பக்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்துவிடுங்கள்.

வெளியே வந்தால் பொம்மைக் கடைகள். கொலு நேரம் என்பதால் தெருவோரமெல்லாம் செட்டியாரும் தசாவதாரமும். மகள் பிடித்துக்கொண்டது தலையாட்டி பொம்மையை. கடைக்காரர் அதைத் தட்டையாகப் படுக்க வைத்துக் கையை எடுத்தார், எழுந்து நின்றது. தலைகீழாகக் கவிழ்த்தார், எழுந்து நின்றது. அடியில் கிண்ணம் மாதிரி உருண்ட களிமண் கனம், மேலே காகிதக்கூழ் லேசு. கனமெல்லாம் கீழே இருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். 2008 வாக்கில் புவிசார் குறியீடு கிடைத்த பொம்மை. வாங்கும்போது ஒன்று பாருங்கள்: பிளாஸ்டிக் உடலில் செய்ததும் இப்போது விற்பனைக்கு வருகிறது. கையில் எடுத்து, அடிப்பாகம் கனமாகவும் மேலே காகிதம்போல் லேசாகவும் இருந்தால் அது பழைய முறை.

சிவகங்கைப் பூங்காவில் அரைமணி. பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே. ஊஞ்சல், சறுக்கு, நிழல். 1779இல் சுவார்ட்ஸ் கட்டிய தேவாலயம் அங்கேயே இருக்கிறது. மகளுக்கு சறுக்கு, எங்களுக்கு தேவாலயம் என்று பிரித்துக்கொண்டோம்.

கல்லணை

திரும்புவதற்குத் திருச்சியிலிருந்து ரயில். அதனால் மதியத்துக்கு மேல் பூதலூர் வழியாகக் கல்லணைக்குப் போனோம். வழி நெடுகப் புது ஆறு கூடவே வந்தது. "இது கணக்குல வராது" என்று மகள் அவள் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

கல்லணையில் நின்றால் முந்தின நாள் பாலங்களுக்கெல்லாம் மூலம் தெரியும். ஒரே ஆறாக வரும் காவிரி இங்கேதான் புது ஆறு, வெண்ணாறு, காவிரி, கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. வயலுக்கு வேண்டியதை முதல் மூன்றுக்கும் விட்டு, வெள்ளம் வந்தால் மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். 329 மீட்டர் நீளத்தில் பழைய அணை இன்றைய கட்டுமானத்துக்கு அடியில் இருக்கிறது. மணல் ஆற்றில் கல்லைப் போட்டால் தண்ணீர் அடி மணலை அரிக்க, கல் தானே புதைந்து இறுகும். அதன்மேல் அடுத்த கல். கடற்கரையில் அலை இழுக்கும்போது நம் குதிகால் புதைவது அதே வேலைதான் என்றதும் மெரினா பார்த்த பிள்ளைக்கு விளங்கிவிட்டது. 1829 முதல் இங்கே வேலை பார்த்த ஆர்தர் காட்டன் இந்த முறையைத் தோண்டிப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். மேலே முக்கொம்பில் 1836இல் அவர் கட்டிய மேலணைக்கும், பிறகு கோதாவரியில் கட்டிய அணைக்கும் கரிகாலன் பெயரால் நிற்கும் இந்த அணை பாடமாக இருந்தது.

மதகுக்குக் கீழே தண்ணீர் பாறைபோல் விழுகிறது. குளிப்பவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். சுழல் எங்கே என்பது ஊர்க்காரர்களுக்கே சில நாள் தெரிவதில்லை. பூங்காவில் யானைமேல் உட்கார்ந்த கரிகாலன் சிலை இருக்கிறது. மீன் வறுத்து விற்கிறார்கள். நேரம் போய்விடும்.

தஞ்சாவூருக்குப் பெரும்பாலான குடும்பங்கள் வருவது மே மாதத்தில். பள்ளி விடுமுறை அப்போதுதான் நீளம். அந்த மாதத்தில் ஐந்து பாலத்துக்குக் கீழேயும் மணல்தான் கிடக்கும். வயல் வெடித்துக் கிடக்கும், வாத்துக்காரர்கள் இருக்க மாட்டார்கள், கோயில் தளத்தில் ஆறு மணிக்கு முன்னால் கால் வைக்க முடியாது. விமானம் அதே உயரத்தில் நிற்கும். ஆனால் அதைச் சுமந்த நெல் எங்கே என்று கேட்கிற பிள்ளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. காலாண்டு விடுமுறை ஒரு வாரம்தான். ஒரு சனி, ஞாயிறு கிடைத்தால் போதும். மழைக்கு ஒரு குடை, சேற்றுக்கு ஒரு மாற்று உடை, பட்டியலில் பாதியை அடிக்க ஒரு பேனா. பொங்கல் விடுமுறையும் தோதுதான். அப்போது நடவு இருக்காது, சம்பா கதிர் பழுத்து நிற்கும். மே மாதத்தை ஊட்டிக்கு விட்டுவிடுங்கள்.